பறக்கும் தவளை பறப்பது இருக்கட்டும், அது குடியிருப்பது எங்கே?

கேள்வி இது: "ஜூலை மழையில் வால்பாறை போயிருந்தோம். ரோட்டோரம் ஒரு சின்னக் குட்டை. அதன்மேல் சாய்ந்திருந்த கிளையில், சோப்பு நுரையை உருட்டி ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ தொங்கியது. கூட வந்த உள்ளூர்க்காரர் 'பறக்கும் தவளை கூடு சார்' என்றார். தவளை நிஜமாகவே பறக்குமா? காட்டில் அது எங்கே இருக்கும்? அங்கே எங்கள் உறவினர் எஸ்டேட் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலும் இதேபோல ஒன்று தொங்குகிறது. எடுத்துப் போட்டுவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுக்க வேண்டாம். தொட்டியை என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

உள்ளூர்க்காரர் சொன்னது சரிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் தண்ணீருக்கு மேல் இலையில் நுரை உருண்டை தொங்கினால் அது மரத்தவளையின் வேலை. அந்தக் கூட்டத்தில் பேர்போனது மலபார் பறக்கும் தவளை. விலங்கியல் பெயர் ராக்கோஃபோரஸ் மலபாரிகஸ். 1870இல் இதை விவரித்துப் பெயர் வைத்தவர் ஜெர்டன். சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்து, வைத்தியத்தைவிடப் பறவை, பாம்பு, தவளை என்று அலைந்ததில் பெயர் வாங்கிய மனிதர். கோவா, மகாராஷ்டிர எல்லைப் பக்கம் தொடங்கித் தெற்கே கேரளம் வரை இந்தத் தவளை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

ஆனால் நீங்கள் போனது வால்பாறை, அதனால் ஒரு சிக்கல். ஆனைமலையில் இதன் அச்சாகவே ஒரு பங்காளித் தவளை இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்று என்றே தோன்றும். 2000ஆம் ஆண்டில் கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் குமார் தத்தாவும்தான் அது தனி இனம் என்று பிரித்துக் காட்டினார்கள். வைத்த பெயர் ராக்கோஃபோரஸ் சூடோமலபாரிகஸ், அதாவது 'போலி மலபார்'. சொந்த மலையில் உட்கார்ந்துகொண்டே போலி என்று பட்டம் வாங்கிய தவளை, பாவம். நான் ஆனைமலைப் பறக்கும் தவளை என்றுதான் சொல்வேன். இளசாக இருக்கும்போது இதன் முதுகில் மெல்லிய கரும் கோடுகள் வலைபோல ஓடும், அது ஒரு நல்ல அடையாளம். வெறும் நுரையைப் பார்த்து எந்த இனம் என்று என்னால் சொல்ல முடியாது. இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

பறக்குமா என்றால், பறவைபோலச் சிறகடித்து மேலே ஏறாது. உயரத்திலிருந்து குதிக்கும், குதித்தபின் காற்றில் சறுக்கிக்கொண்டு சாய்வாக இறங்கும். கை விரல்களுக்கு நடுவிலும் கால் விரல்களுக்கு நடுவிலும் அகலமான சவ்வு இருக்கிறது. நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. உட்கார்ந்திருக்கும்போது மடித்து உடம்புக்கடியில் வைத்துக்கொள்வதால் அப்படி ஒரு நிறம் அதனிடம் இருப்பதே தெரியாது. தாவும்போது நான்கு பாதத்தையும் விரித்தால் நான்கு குட்டிக் குடை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரம் வரை போகும் என்று எழுதியிருக்கிறார்கள். கிடைமட்டத்தோடு 45 பாகைக்கும் செங்குத்தாக இறங்கினால் அது பாராசூட் இறக்கம், அதைவிடச் சாய்வாக இறங்கினால் சறுக்குப் பறத்தல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 'பறக்கும்' என்ற பெயரில் கொஞ்சம் மிகை உண்டு, பொய் இல்லை.

இந்தப் பெயரே போர்னியோவிலிருந்து வந்தது எனலாம். 1855இல் அந்தத் தீவின் சரவாக்கில் தங்கியிருந்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடம் ஒரு சீனத் தொழிலாளி பெரிய மரத்தவளை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, உயரமான மரத்திலிருந்து இது சாய்வாகப் பறந்துவந்தது என்றார். வாலஸ் அளந்து பார்த்தார். உடம்பு நாலு அங்குலம். நான்கு பாதத்தின் சவ்வையும் விரித்துக் கூட்டினால் 12 சதுர அங்குலம். நம் தவளைக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன், அதே பேரினம்.

எல்லாரும் நினைப்பது, சவ்வு இருந்தால் அதிக தூரம் போகலாம் என்று. 1990இல் ஷாரன் எமர்சன், மிமி கோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தவளை மாதிரிகளைச் செய்து, காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பறக்கும் தவளை கைகால்களை மடக்கி விரிக்கும் அந்தத் தோரணையால் தூரம் கூடவில்லை, கொஞ்சம் குறையவே செய்தது. கூடியது திரும்பும் திறமை. விழுகிற வழியில் இடமோ வலமோ ஒடித்து, குறிப்பிட்ட ஒரு கிளையில் போய் இறங்க முடிகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு. அடர்ந்த காட்டில் நேராகப் பத்து மீட்டர் போய் என்ன செய்வது, நடுவில் இருக்கும் மரத்தில் மோதத்தான் வேண்டும். வளைந்து போகத் தெரிந்தவன்தான் பிழைப்பான். அதைவிட, இந்தத் தவளைக்கு எங்கே போய் இறங்குகிறோம் என்பதே வாழ்வு. காட்டில் எங்கே இருக்கும் என்று கேட்டீர்களே, அந்தப் பதிலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வருஷத்தில் பெரும்பகுதி இதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மேலே, மரத்தின் தலைப்பகுதியில் இருக்கும். பகலில் இலைமேல் வயிற்றை அப்பி, கைகாலை உள்ளே இழுத்து, கண்ணை உள்வாங்கி மூடிக்கொண்டு பச்சை உருண்டையாகத் தூங்கும். இப்படி ஒடுங்கிக் கிடப்பது ஒளிந்துகொள்ள மட்டும் என்று எண்ணாதீர்கள். தவளைத் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்காது. வெயிலும் காற்றும் படுகிற பரப்பைக் குறைத்தால்தான் உடம்பில் இருக்கும் தண்ணீர் மாலைவரை தாக்குப்பிடிக்கும்.

அந்தப் பச்சையே ஒரு ஏமாற்று வேலை. பொதுவாக மரத்தவளைத் தோலில் மேலடுக்கில் மஞ்சள் நிறமி, அதன்கீழே நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் செல்கள், அதற்கும் கீழே கறுப்பு. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாக வருகிறது. பழைய அருங்காட்சியகங்களில் சாராயத்தில் ஊறப்போட்ட பச்சைத் தவளைகள் நீலம்பாரித்துக் கிடப்பது இதனால்தான். மஞ்சள் கரைந்து போய்விடுகிறது, நீலம் மட்டும் மிஞ்சுகிறது.

விரல் நுனியையும் கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். நல்ல லென்ஸ் உள்ள செல்போன் போதும், தொட வேண்டாம். ஒவ்வொரு விரலும் பொட்டு வைத்தாற்போல வட்டத் தகடாக முடியும். பசை தடவியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் தகடு முழுக்க அறுகோணச் செல்கள், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே வாய்க்கால், வாய்க்காலில் மெல்லிய சளி. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வைத்தால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, அந்த ஈரப் பிடிப்புதான் இங்கே வேலை செய்கிறது. மழைத் தண்ணீர் அதிகமானால் வாய்க்கால் வழியாக வடிந்துவிடும், டயரில் பள்ளம் வெட்டியிருப்பதுபோல. பின்காலைத் தூக்கும்போது தகட்டை ஓரத்திலிருந்து உரித்தெடுத்து வைக்கிறது. கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில் ஒரு கூடுதல் குருத்தெலும்பு இருப்பதால் தகடு எந்தக் கோணத்திலும் இலையோடு படிந்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்து மரத்தவளைகள் வேறு குடும்பம், ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அவற்றுக்கும் இதே தகடு, இதே குருத்தெலும்பு. மரத்தில் ஏறித்தான் பிழைக்க வேண்டும் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே வழிதான் கிடைத்திருக்கிறது.

இப்போது நுரைக்கு வருவோம். எனக்குக் கேட்டால், பறப்பதைவிட இதுதான் பெரிய வித்தை.

தென்மேற்குப் பருவமழை பிடித்துக் குட்டைகள் நிரம்பியதும் ஆண்கள் மேலிருந்து இறங்கிவந்து தண்ணீர் ஓரத்துச் செடிகளில் உட்கார்ந்து கத்தத் தொடங்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடத்தான் செய்கிறது, பச்சைப்பாம்பும் குழிவிரியனும் அதே செடிகளில் காத்திருக்கும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்தால் உயிர் பிழைக்கும், வம்சம் பிழைக்காது. பெண் பெரியது, கிட்டத்தட்டப் பத்து சென்டிமீட்டர் வரை வரும். ஆண் அதைவிடச் சிறியது. தனக்குப் பிடித்த ஆணை முதுகில் சுமந்துகொண்டு பெண்தான் கிளையின் நுனிவரை நடந்துபோகும்.

ஒரு இரவு இதை இரண்டு கை தூரத்திலிருந்து பார்த்தேன். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கத்து இலையில் சாய்த்து வைத்திருந்தேன். பெண்ணின் பின்புறத்திலிருந்து கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு வழுவழுப்புத் திரவம் முதலில் வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் உள்ளே வெளியே, உள்ளே வெளியே என்று துழாவ, தயிர் கடைவதுபோல அது பொங்க ஆரம்பித்தது. ஒரு கடைசல், நிறுத்தம், முட்டைகள், மறுபடி கடைசல். முட்டை வெளிவரும்போதே மேலிருக்கும் ஆண் விந்தை விட்டுவிடுகிறது. பக்கத்து இலைகளும் நுரையில் ஒட்டிக்கொண்டு கூட்டுக்கு மூடிபோல ஆகிவிட்டன. வேலை முடிந்ததும் ஆண் இறங்கிப் போய்விட்டது. பெண் சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டுத் தானும் கிளம்பியது. கைப்பிடி அளவு நுரை, அதற்குள் நூறு முட்டைக்கு மேல் இருக்கும்.

அதற்குப்பின் தாய்தகப்பன் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எல்லாக் காவலும் நுரைதான். காற்றுப் பட்டு வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பேறி மொறுமொறுப்பான ஓடாகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வெயிலின் சூடு சட்டென்று உள்ளே ஏறாது. நுரை முழுக்கக் காற்றுக் குமிழிகள் என்பதால் முட்டைக்கு மூச்சுக்குப் பஞ்சமில்லை. நாம் கடைந்த சோப்பு நுரை சீக்கிரம் அடங்கிவிடும்; இது நாள்கணக்கில் நிற்கக் காரணம் அதிலுள்ள புரதங்கள். மலேசியப் பக்கத்து மரத்தவளை ஒன்றின் நுரையில் நீல நிறப் புரதமே கிடைத்திருக்கிறது, கார்ட்டூனில் வரும் ஸ்மர்ஃப் என்ற நீலக் குள்ளர்கள் பெயரால் அதை ரானஸ்மர்ஃபின் என்கிறார்கள். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

ஒரு வாரம் போலக் கழிந்தால் உள்ளே முட்டைகள் பொரித்து, கூட்டின் அடிப்பக்கம் இளகும். ஒரு நல்ல மழை பெய்தால் போதும். தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். கீழே தண்ணீர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

எங்கே வாழும் என்று கேட்டால் பசுமைமாறாக் காடு, ஈர இலையுதிர் காடு, காப்பித் தோட்டம் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். தப்பில்லை. ஆனால் நூறு ஏக்கர் அருமையான காட்டிலும் இதற்கு இடமில்லாமல் போகலாம், ரோட்டோரப் பள்ளத்தில் பத்துக் கூடு தொங்கலாம். அது கேட்பது தேங்கிய தண்ணீர், அதற்கு நேர்மேலே சாய்ந்த ஒரு கிளை, பக்கத்திலேயே ஏறிப்போக உயர்ந்த மரங்கள். மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். குதித்து வளைந்து இறங்கும் அந்தச் சாமர்த்தியம் மேலிருந்து இந்தக் கிளைக்கு வந்துசேர உதவும். கிளை ஒரு முழம் தள்ளி இருந்தால் பிரட்டைகள் தரையில் விழுந்து காயும்.

தண்ணீரிலும் அதற்கு ஒரு பத்தியம் உண்டு. ஓடும் ஆற்றில் பிரட்டை அடித்துப் போய்விடும். வருஷம் முழுக்க வற்றாத குளத்தில் மீன் இருக்கும், மீனுக்குத் தலைப்பிரட்டை பலகாரம். மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் குட்டையில்தான் மீன் நிலைக்காது. அங்கேயும் தட்டான் குஞ்சும் நீர்வண்டும் பிடித்துத் தின்னும், ஆனாலும் சில தப்பும். வற்றுவதற்குள் வளர்ந்து வெளியேற வேண்டும் என்ற ஓட்டம் அதனால்தான். பார்ப்பதற்குச் சேறும் சகதியுமாக இருக்கும் இந்தப் பள்ளங்களை ஒன்றுக்கும் உதவாதவை என்று மண்ணடித்து மூடுகிறார்கள், கொசு வரும் என்று கம்பூசியா மீனை விடுகிறார்கள், 'சுத்தம்' செய்கிறேன் என்று கரையோரச் செடியை வெட்டுகிறார்கள். ஒரு மரம்கூட வெட்டாமல் பறக்கும் தவளையை ஊரைவிட்டுத் துரத்த இந்த மூன்றில் ஒன்று போதும். மலபார் பறக்கும் தவளையை எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று காட்டும் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் கவலை குறைந்த இனம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு ஒரு குறிப்பிட்ட குட்டைக்கு ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீரை நம்பாத தவளைகளும் இதே மலையில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டால்தான் இதன் தேவை புரியும். பக்கவாட்டில் மஞ்சள் கோடு ஓடும் ராக்கோஃபோரஸ் லேட்டராலிஸ் என்ற சின்னப் பச்சைத் தவளை, குடகு, வயநாடு பக்கம் இருப்பது, இலையைப் பீடா மடிப்பதுபோல மடித்து முட்டையை உள்ளே வைக்கிறது. மடிக்கும் வேலை முழுக்கப் பெண்ணுடையது. அதுவும் தண்ணீருக்கு மேல்தான். ஆனால் களக்காடு மலையில் இருக்கும் ரௌர்செஸ்டஸ் சலசோடஸ் இந்த ஏற்பாட்டையே விட்டுவிட்டது. 1876இல் பெயரிடப்பட்டு, பிறகு நூறாண்டுக்கும் மேல் ஆய்வாளர் கண்ணில் படாமல் இருந்து, மறுபடி கிடைத்த தவளை. நாணல்போல மெலிந்த ஒருவகை மூங்கிலில் இரண்டு கணுக்களுக்கு நடுவே சின்னக் கீறல் இருந்தால் ஆண் உள்ளே நுழைந்து, மூங்கிலுக்குள்ளேயே முட்டைகளைக் காவல் காக்கிறது. தலைப்பிரட்டையே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளை வெளிவரும். அதற்குக் குட்டை வேண்டாம், ஆனால் கீறல் விழுந்த மூங்கில் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, அந்த வீட்டுக்கு ஒரு வாசல்.

சமவெளியில் இருக்கும் உங்களுக்கும் ஒரு உறவு உண்டு. மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, தேரை என்று துடைப்பத்தைத் தூக்குவோமே, அது பெரும்பாலும் பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ் என்ற மரத்தவளை. வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'சுனம்' தவளை. நம் சுண்ணாம்புதான் அந்தச் சுனம். சுண்ணாம்படித்த சுவரில் பார்த்துப் பார்த்து அப்படியே பெயராகிவிட்டது. இதுவும் தொட்டிச் சுவரில் நுரைக்கூடு கட்டும்.

சரி, உறவினர் வீட்டுத் தொட்டி. செடிக்கு ஊற்றும் தண்ணீர் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். பிளீச்சிங் பவுடரை மட்டும் சில வாரம் மறந்துவிடச் சொல்லுங்கள், மீனும் விட வேண்டாம். குடிதண்ணீர்த் தொட்டி என்றால் கூட்டைப் பிய்க்காமல், அதற்கு நேர்கீழே அகலமான பழைய பேசின் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் குழாய்த் தண்ணீர் அல்லாமல் பக்கத்துக் குட்டைத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நிரப்பலாம். பிரட்டைகள் அதில் விழுந்தபின் அப்படியே தூக்கிப்போய் அதே குட்டையில் விட்டுவிடலாம். வேறு ஊர்க் குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம், தண்ணீரோடு நோயும் பயணம் போகும். தவளையைக் கையில் எடுத்துப் படம் பிடிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு ஆபத்து ஒன்றுமில்லை, கொசுவுக்குத் தடவிய களிம்பு உங்கள் விரலிலிருந்து அதன் தோல் வழியாக உள்ளே போய்விடும்.

பிரட்டைகளைத் தொட்டியிலேயே வளரவிட்டால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பின்கால் முதலில் வரும், முன்கால் கடைசியில். முன்கால் வந்ததும் அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். பாசி சுரண்டிய வாய் பூச்சி பிடிக்கும் வாயாக மாறும், நீண்டு சுருண்டிருந்த குடல் சுருங்கும், வாலைத் தானே கரைத்து அதையே உணவாக்கிக்கொள்ளும். அந்த நாள்களில் அதற்குத் தண்ணீரைவிட்டு ஏறத்தான் தெரியும். தொட்டியின் சுவர் வழவழவென்று இருந்தால் களைத்து மூழ்கிவிடும். நீளமான ஒரு காய்ந்த கிளையைச் சாய்வாகத் தொட்டிக்குள் போட்டு, மேல்நுனியைப் பக்கத்துச் செடியில் படும்படி வைக்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், நகம் அளவு பச்சைத் தவளைகள் முக்கால்வாசி கரைந்த வாலோடு அந்தக் கிளையில் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும்.